ஆட்சியர் அலுவலகம் அருகே ஒரு டைப்பிங் கடை: எம்.பி.ஏ. மாணவர்களுக்காக ஒரு மதிப்புரை

வேலூர் சத்துவாச்சாரியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் டைப்பிங் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்வு நாளுக்காக அணைக்கட்டு, கே.வி.குப்பம், பேரணாம்பட்டு என மாவட்டத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் வரும் மனுதாரர்களையும், நீதிமன்ற வளாகத்துக்கு வருகிறவர்களையும் நம்பி வளர்ந்த கடைகள் அவை. அவற்றுள் ஒன்றைப் பற்றி, நான் அலைந்ததைப் போலவே எம்.பி.ஏ. படித்துக்கொண்டு இன்டர்ன்ஷிப்புக்கும் வேலைக்கும் அலைகிறவர்களுக்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கடைக்குப் பெயர் கிடையாது. மஞ்சள் பலகையில் "ஜெராக்ஸ், தமிழ் ஆங்கில டைப்பிங், பைண்டிங்" என்று மட்டும் எழுதியிருக்கும். உள்ளே இரண்டு கணினிகள், ஒரு பெரிய ஜெராக்ஸ் இயந்திரம், ஒரு கலர் பிரிண்டர். வேலை செய்பவர்கள் உரிமையாளரும், டைப் செய்யும் ஓர் அக்காவும் மட்டுமே.

நான் குடியாத்தத்தைச் சேர்ந்தவள். மனிதவள மேலாண்மையைச் சிறப்புப் பாடமாக எடுத்து இந்த ஆண்டுதான் படிப்பை முடித்தேன். விடுதியில் தங்காமல் தினமும் பேருந்தில் வந்து போனதால், கல்லூரியின் கணினி ஆய்வகம் திறந்திருக்கும் நேரமும் நான் ஊருக்குப் பேருந்து பிடிக்கும் நேரமும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அதனால் ரெஸ்யூமே, இன்டர்ன்ஷிப் கேட்கும் கடிதம், ஆய்வுக்கான வினாப்படிவம், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், வங்கித் தேர்வு விண்ணப்பம், கடைசியாகப் பணி நியமனக் கடிதத்தின் நகல் என்று என் படிப்பு தொடர்பான தாள்கள் அத்தனையும் இந்த ஒரு கடையின் வழியாகவே வெளியே போயின. இரண்டு ஆண்டுப் பழக்கத்தை வைத்து எழுதுவதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ரெஸ்யூமே. இரண்டாம் செமஸ்டரில், கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கு இடம் தேடத் தொடங்கிய நேரம் அது. வகுப்பில் எல்லோரையும் போல நானும் கைப்பேசியில் கிடைத்த ஓர் அழகான மாதிரியை எடுத்து, அதில் என் விவரங்களை நிரப்பி, கலரில் இருபது பிரதிகள் எடுக்கப் போனேன். இடப்பக்கம் கரும்பச்சைப் பட்டை, அதில் வட்டத்துக்குள் என் படம், படத்துக்குக் கீழே திறமைகளைக் காட்டும் கோடுகள்: எக்செல் 80 சதவீதம், பேச்சுத்திறன் 90 சதவீதம், தலைமைப் பண்பு 85 சதவீதம். கடை உரிமையாளர் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இந்தக் கடையைத் தொடங்கியவர். அச்செடுப்பதற்கு முன் அவர் அந்தப் பக்கத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். "எக்செல் எண்பதுன்னா, வராத அந்த இருபது இன்னாம்மா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பைவட் டேபிள் போடத் தெரியும், விலுக்அப் தெரியும், மேக்ரோ எழுதத் தெரியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அதையே எழுதிடும்மா. தெரிஞ்சத எழுதினா அதுலருந்துதான் கேப்பாங்க" என்றார்.

அன்று கலர் பிரதி ஒன்றுகூட எடுக்காமல் திரும்பினேன். மறுநாள் போய் அக்காவின் பக்கத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, கறுப்பு வெள்ளையில் ஒரே பக்க ரெஸ்யூமே ஒன்றைப் புதிதாக டைப் செய்து வாங்கினேன். சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்குத் துணைநிற்க விரும்புவதாகத் தொடங்கும் அந்த வழக்கமான குறிக்கோள் வாக்கியம் போயிற்று. தந்தை பெயர், மணமானவரா என்ற விவரம், மதம், நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி ஆகியவை போயின. மேலே கூறியவை யாவும் உண்மை என்று அடியில் கையெழுத்திடும் உறுதிமொழியை மட்டும் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அரசு விண்ணப்பங்களுக்கு அது வேண்டும், கம்பெனிகள் அதைப் பார்ப்பதில்லை என்று அக்கா பொறுமையாக விளக்கிய பிறகு அதுவும் போயிற்று. மிச்சமிருந்த இடத்தில், நான் எதையும் எழுதத் தகுதியில்லை என்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு செய்தி உட்கார்ந்தது: பி.காம். படித்த மூன்று ஆண்டுகளும் என் அத்தையின் லுங்கிக் கடைக்கு மாத இறுதிக் கணக்கையும் ஜி.எஸ்.டி. பில்களையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி வியாபாரம் செய்யும் வீட்டில் அது ஒரு வேலையாகவே கருதப்படுவதில்லை. "வேற என்ன செஞ்சிருக்க?" என்று அக்கா நான்காம் முறையாகக் கேட்டிராவிட்டால் அது தாளில் வந்திருக்காது.

டைப் செய்து முடித்ததும் அவர் செய்த ஒரு சோதனையை எல்லா மாணவர்களும் தெரிந்துகொள்வது நல்லது. ரெஸ்யூமேயின் எழுத்து முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தார். புதியது மேலிருந்து கீழாக ஒழுங்காக வந்தது. என் பழைய பச்சைப் பட்டை ரெஸ்யூமேயை அப்படி ஒட்டியபோது கல்லூரிப் பெயருக்கு நடுவே கைப்பேசி எண் வந்து விழுந்தது. மதிப்பெண்ணும் ஆண்டும் இடம் மாறின. திறமைக் கோடுகள் வரவே இல்லை. பல நிறுவனங்கள் விண்ணப்பங்களை மனிதர் பார்ப்பதற்கு முன் மென்பொருளில் போட்டு எழுத்துகளை உருவியெடுத்துத்தான் வரிசைப்படுத்துகின்றன. இரண்டு பத்தியாகப் பிரிப்பதும், கட்டங்களுக்குள் எழுதுவதும், படத்துக்குள் எழுத்தை வைப்பதும் அந்த இடத்தில் நம்மைக் கவிழ்த்துவிடக்கூடும். சந்தைப் பிரிவுகளைப் பற்றி ஒரு செமஸ்டர் முழுவதும் படித்த எனக்கு, என் விண்ணப்பத்தை முதலில் படிக்கப் போவது யார் என்ற கேள்வியே அதுவரை தோன்றவில்லை என்பதை நினைத்து வருந்துகிறேன். இதற்குக் கடையில் வாங்கிய கூலி, டைப்பிங்குக்கு 60 ரூபாய். அடுத்த இரண்டு திருத்தங்களுக்குக் காசு வாங்கவில்லை.

இன்டர்ன்ஷிப் இடம் கிடைத்த கதை தனி. பழைய வடஆற்காட்டின் தொழில்கள் பெரும்பாலும் ராணிப்பேட்டை சிப்காட்டிலும், மேல்விஷாரத்திலும், ஆம்பூர் வாணியம்பாடியிலும் தோலையும் காலணியையும் சுற்றியே இருக்கின்றன. 2019ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு அவை ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்குள் போய்விட்டாலும், இங்கே படிக்கும் மாணவர்களின் கால்கள் அந்தப் பக்கமே நடக்கின்றன. கல்லூரிக் கடிதத்தாளில் 14 கடிதங்கள் அச்செடுத்துக்கொண்டு போனேன்; ஒன்பது இடங்களில் வாயிற்காவலரைத் தாண்டவில்லை. பத்தாவது இடமான ஒரு காலணித் தொழிற்சாலையில் நான்கு வாரங்களுக்கு இடம் தந்தார்கள். கடிதத்தில் "எந்தப் பிரிவில் வேண்டுமானாலும்" என்று நான் எழுதியிருந்ததை, "வருகைப் பதிவு, விடுப்பு, ஊதியப் பட்டியல் ஆகிய பணிகளில்" என்று மாற்றச் சொன்னவர் கடை உரிமையாளர். என்னை உள்ளே அழைத்த மனிதவள அலுவலரும் அந்த வரியில் விரலை வைத்துத்தான் பேச்சைத் தொடங்கினார்.

மே மாத நடுவில், அக்னி நட்சத்திர வெயிலில், அங்கே சேர்ந்தேன். சேர்ந்த மூன்றாம் நாள் தையல் பிரிவில் பல இயந்திரங்கள் ஆளில்லாமல் நின்றன. அன்று வைகாசி முதல் நாள். எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. குடியாத்தம் பக்கத்திலிருந்து கம்பெனிப் பேருந்தில் வரும் பெண்களில் பெரும்பாலோர் வரவில்லை. எனக்கு அதில் வியப்பில்லை. நானே விடுப்புக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் வந்திருந்தேன். ஆனால் பதிவேட்டில் அது "அனுமதியில்லா விடுப்பு" என்று ஏறியது. முந்தைய இரண்டு ஆண்டுகளின் மே மாதப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கி, 180 பேரின் வருகையை ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். அந்த ஒரு நாளில் மூன்று ஆண்டுகளும் அதே ஊர்க்காரர்கள்தான் வரவில்லை. அந்த நாளை முன்னதாகவே விடுமுறையாக அறிவித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஈடுசெய்யலாம் என்று எழுதிக் கொடுத்தேன். இதை ஏன் ஒரு கடை மதிப்புரையில் சொல்கிறேன் என்றால், இன்டர்ன்ஷிப் முடிந்து ரெஸ்யூமேயைத் திருத்தப் போனபோது நான் கொண்டுபோன வரி "மனிதவளப் பணிகளைக் கவனித்தேன்" என்பதாக இருந்தது. "அதுல நீ செஞ்சது எதும்மா?" என்று உரிமையாளர் கேட்ட பிறகுதான் சிரசுத் திருவிழாக் கதையைச் சொன்னேன். "180 தொழிலாளர்களின் மூன்று ஆண்டு வருகைப் பதிவை ஊர்வாரியாக ஒப்பிட்டு, உள்ளூர்த் திருவிழா நாட்களின் விடுப்பை முன்கூட்டியே கணிக்கும் பட்டியல் தயாரித்தேன்" என்று அந்த வரி மாறியது. பல மாதங்கள் கழித்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, இருபது நிமிடங்களில் பன்னிரண்டு நிமிடங்கள் அந்த ஒரு வரியைப் பற்றியே பேசினார்கள்.

இந்தக் கடையில் நான் மிகவும் மதிப்பது தமிழ் டைப்பிங். நான்காம் செமஸ்டர் ப்ராஜெக்டை அதே காலணித் தொழிற்சாலையில், பணிச்சூழல் பற்றிய தொழிலாளர் கருத்து என்ற தலைப்பில் செய்தேன். எங்கள் பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நாங்கள் ஆய்வு செய்யப் போகும் மனிதர்களோ தமிழிலும் உருதுவிலும் தெலுங்கிலும் பேசுகிறவர்கள். சீனியர்கள் பலரும் ஆங்கில வினாப்படிவத்தைக் கொண்டுபோய், வாயால் கேட்டு, தாங்களே கட்டங்களில் டிக் போட்டுக்கொண்டு வருவார்கள். நான் தமிழில் தர விரும்பி, அகராதியை வைத்துக்கொண்டு மொழிபெயர்த்திருந்தேன். "பணியிடக் குறைதீர்ப்புப் பொறிமுறை குறித்து நீங்கள் திருப்தியடைந்துள்ளீர்களா?" என்பது என் ஏழாவது கேள்வி. அக்கா அதை டைப் செய்யத் தொடங்கி, பாதியில் விரல்களை எடுத்துவிட்டு, "இத என் தங்கச்சிகிட்ட குடுத்தா அவளுக்குப் புரியாதும்மா. அவளும் ஷூ கம்பெனிதான் போறா" என்றார். இருவரும் சேர்ந்து யோசித்து, "சூப்பர்வைசரிடம் ஒரு குறையைச் சொன்னால் அது சரிசெய்யப்படுகிறதா?" என்று மாற்றினோம். கேள்வி மாறியதும் விடையும் மாற வேண்டியிருந்தது. முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன் என்று இறங்கும் ஐந்து படிகள் அதற்குப் பொருந்தவில்லை. எப்போதும், பெரும்பாலும், சில நேரம், அரிதாக, ஒருபோதும் இல்லை என்று போட்டோம். வழிகாட்டிப் பேராசிரியர் முதலில் தயங்கினார். அளவுகோல் ஐந்து படிகளாகவே இருப்பதாலும் காரணத்தை முறையியல் அத்தியாயத்தில் எழுதுவதாக ஒப்புக்கொண்டதாலும் அனுமதித்தார்.

அக்கா தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்ரைட்டிங் ஹையர் தேர்ச்சி பெற்றவர். கணினியில் தமிழ்99 விசைப்பலகையில் டைப் செய்கிறார். தமிழ்நாடு அரசு 1999ஆம் ஆண்டில் தரப்படுத்திய அமைப்பு அது. வேகத்தை விட முக்கியம், அவர் தருவது எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு எழுத்து. வேறு பல கடைகளில் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்து தருவார்கள். தாளில் அழகாக இருக்கும், ஆனால் கோப்பைக் கைப்பேசியில் திறந்தால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். வினாப்படிவத்தை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்கும்போதும், கூகுள் படிவத்தில் ஏற்றும்போதும் யூனிகோடாக இருந்ததால் எனக்கு மறுவேலை ஏற்படவில்லை. எழுத்தின் அளவை 14 ஆக வைத்து, ஒரே தாளின் இரு பக்கங்களில் அடங்கும்படி செய்து தந்ததும் அவருடைய யோசனைதான். பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் நிரப்புவார்கள், இரண்டாவது தாள் இருந்தால் அதை எடுக்க மாட்டார்கள் என்றார். 120 படிவங்கள் கொடுத்தேன். உருது மட்டும் படிக்கத் தெரிந்த சிலருக்கும் படிக்கத் தெரியாத சிலருக்கும் வாசித்துக் காட்டினேன். ஏழாவது கேள்வியை வாசிக்கும்போது ஒருவர்கூட "இன்னாது?" என்று திருப்பிக் கேட்கவில்லை.

இனி, ரிப்போர்ட். இதைச் சற்று வருத்தத்துடன் எழுதுகிறேன். கல்லூரிகள் இருக்கும் எந்த ஊரிலும் போல இங்கும், ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை முழுதாகவே விற்கும் கடைகள் இருக்கின்றன. பழைய மாணவரின் கோப்பை எடுத்து, கம்பெனிப் பெயரையும் மாணவர் பெயரையும் மாற்றி, அட்டை போட்டுச் சில ஆயிரங்களுக்குத் தந்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி வாங்கிய ரிப்போர்ட்டில், காலணித் தொழிற்சாலையைப் பற்றிய மூன்றாம் அத்தியாயத்துக்குள் ஒரு வங்கியின் கிளைகளைப் பற்றிய பத்தி அப்படியே இருந்தது. வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்ததைப் பற்றி அவர் அழுதுகொண்டே சொன்னார். பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டில் கொண்டுவந்த கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிகளின்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனையில்லை. 10க்கு மேல் 40 வரை இருந்தால் திருத்தி மறுபடியும் சமர்ப்பிக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை இருந்தால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் அந்தப் படிப்புக்கான பதிவே ரத்தாகலாம். விலைக்கு வாங்கும் ரிப்போர்ட் எந்தப் படியில் நிற்கும் என்பதை வாங்குகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

நான் எழுதும் இந்தக் கடையில் பழைய ரிப்போர்ட் கிடைக்காது. கேட்டு வந்தவர்களை உரிமையாளர் திருப்பி அனுப்பியதை நான் மூன்று முறையாவது பார்த்திருக்கிறேன். வந்தவர்களிடம் அவர் அறிவுரை சொல்வதில்லை. "நீ எழுதினு வா, அழகா போட்டுக் குடுக்கறேன்" என்று மட்டும் சொல்வார். அழகாகப் போட்டுத் தருவதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. பைண்டிங்குக்காக இடப்பக்கம் கூடுதல் ஓரம் விடுவது, அத்தியாயத் தலைப்புகள் புதிய பக்கத்தில் தொடங்குவது, அட்டவணை இரண்டு பக்கங்களாக உடையாமல் பார்ப்பது, முன்பக்கங்களுக்கு ரோமன் எண்ணும் உள்பக்கங்களுக்கு வழக்கமான எண்ணும் இடுவது ஆகியவற்றை நாம் கேட்காமலே செய்கிறார்கள். கை-வர்க்கச் சோதனை (chi-square) போன்ற புள்ளியியல் வேலைகளை அவர்கள் செய்து தருவதில்லை. அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

வேலை தேடும் காலத்தில் இந்தக் கடை தரும் சில சிறு சேவைகளையும் சொல்லிவிடுகிறேன். வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள்ளும் கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள்ளும் இருக்க வேண்டும். கையெழுத்தை முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் போட்டால் ஏற்க மாட்டார்கள். இடக்கை பெருவிரல் ரேகையும் கையால் எழுதிய உறுதிமொழியும் தனித்தனியே ஏற்ற வேண்டும். இவற்றையெல்லாம் ஸ்கேன் செய்து அளவு குறைத்து 50 ரூபாய்க்கு முடித்துத் தருகிறார்கள். 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று என்னோடு படித்த இருவர் ஆவலுடன் வந்தார்கள். அப்போது அறிவித்த மாதம் 5,000 ரூபாய் என்பது பேருந்தில் வந்து போகும் மாணவர்களுக்குச் சிறிய தொகை இல்லை. அந்தத் திட்டம் தொடங்கியபோது வெளியான விதிகளில் எம்.பி.ஏ. போன்ற முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு இடமில்லை என்பதைத் திரையில் திறந்து காட்டி, காசு வாங்காமல் அனுப்பினார் அக்கா. பி.காம். படிக்கும் தம்பி தங்கைகள் இருந்தால் அவர்கள் படிப்பு முடிந்ததும் அழைத்து வரும்படி சொன்னார்.

படிப்பின் கடைசி மாதத்தில் நான் ஒரு தவறு செய்தேன். சென்னையிலிருந்து பேசிய ஒரு வேலைவாய்ப்பு நிறுவனம், மனிதவளப் பிரிவில் வேலை உறுதி என்று சொல்லி, பதிவுக் கட்டணமாக 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டது. மீதி 2,500 ரூபாயைச் செலுத்துவதற்கு முன் அவர்கள் அனுப்பிய படிவத்தை அச்செடுக்கக் கடைக்குப் போனேன். உரிமையாளர் தாளை என்னிடம் தரும்போது, "இதுல வேலை குடுக்கற கம்பெனி பேரு எங்கம்மா போட்டிருக்கு?" என்று கேட்டார். இரண்டு பக்கங்களிலும் தேடினேன், இல்லை. மீதிப் பணத்தை அனுப்பவில்லை. முதலில் கொடுத்தது திரும்பி வரவும் இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்கு எந்தக் கட்டணமும் கிடையாது என்ற தகவலை அந்தக் கடையின் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில்தான் படித்தேன். அத்தகைய முகாம் ஒன்றில் கொடுத்த ஒரு பக்க ரெஸ்யூமேதான் என்னை ஸ்ரீபெரும்புதூர் வரை கொண்டுபோனது.

பணி நியமனக் கடிதம் வந்ததும், நகலெடுக்கப் போன இடத்தில், உரிமையாளரின் பழைய கணக்கு வேலை எனக்குப் பயன்பட்டது. ஆண்டுக்கு 3 லட்சம் என்று போட்டிருந்ததால் மாதம் 25,000 ரூபாய் கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். அவர் ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 12,500. அதில் நிறுவனம் வருங்கால வைப்பு நிதிக்குச் செலுத்தும் 12 சதவீதம் 1,500 ரூபாய்; பணிக்கொடைக்கு ஒதுக்கும் 4.81 சதவீதம் ஏறத்தாழ 600 ரூபாய். இரண்டும் அந்த 25,000க்குள்ளேயே அடக்கம். அவற்றைக் கழித்தால் 22,900. அதிலிருந்து என் பங்கு வைப்பு நிதி 1,500 போனால் 21,400. தொழில் வரி தனி. பணிக்கொடை பொதுவாக ஐந்தாண்டுப் பணிக்குப் பிறகே கைக்கு வரும் என்பதையும் சொன்னார். ஊதிய மேலாண்மையில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் சொந்தப் பெயர் போட்ட கடிதத்தை அந்தக் கண்ணோடு படிக்க எனக்குத் தோன்றவில்லை. இந்த விளக்கத்துக்குக் கட்டணம் இல்லை, நகலுக்கு மட்டும் 2 ரூபாய். எல்லோருக்கும் இவ்வளவு நேரம் ஒதுக்குவார் என்று நான் உறுதி சொல்ல முடியாது. கூட்டமில்லாத பிற்பகல் அது.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள். மனு எழுத வருபவர்கள் காலை ஏழரைக்கே வந்துவிடுவார்கள். வயதானவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள் நிற்கும்போது நம் ரெஸ்யூமேவுக்கு அவசரப்படுத்துவது நியாயமும் இல்லை. மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று மணி வரை கடையை மூடிவிடுகிறார்கள். மின்சாரம் போனால் எல்லா வேலையும் நின்றுவிடும், மாற்று ஏற்பாடு இல்லை. கலர் பிரிண்டரில் நீல நிறம் கோடு கோடாக விழுகிறது. வரைபடங்கள் உள்ள பக்கங்களை வேறு கடையில் எடுத்து வந்து சேர்ப்பது நல்லது. உட்கார ஒரே ஒரு ஸ்டூல்தான் உண்டு. ஸ்பைரல் பைண்டிங் கடையிலேயே பத்து நிமிடத்தில் முடிகிறது, 40 ரூபாய். தங்க எழுத்துப் பதிக்கும் காலிகோ பைண்டிங்கை வெளியில் ஒரு பைண்டரிடம் கொடுத்து வாங்குவதால் இரண்டு நாட்கள் ஆகும், ஒரு பிரதிக்கு 250 ரூபாய். என் அட்டையில் மேலாண்மை என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டு வந்தது. காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள் என்றாலும் சமர்ப்பிக்கும் நாள் ஒன்று தள்ளிப்போய், தாமதக் கட்டணத்தை நான் கட்டினேன். பதிப்பதற்கு முன் அட்டைக்கான வரிகளை ஒரு தாளில் அச்செடுத்து நம்மிடம் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை அவர்கள் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இவற்றை விடப் பெரிய குறை ஒன்று உண்டு. கோப்புகளை எல்லோரும் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புகிறோம். அவர்கள் அதைக் கணினியின் முகப்பில் இறக்கி வைத்து வேலை செய்கிறார்கள். ஒருமுறை என் கோப்பைத் தேடும்போது, முன்பின் தெரியாத பலரின் ஆதார் நகல்களும் மதிப்பெண் சான்றிதழ்களும் திரையில் வரிசையாகத் தெரிந்தன. அவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வேலை தேடும் ஒருவரின் பெயர், பிறந்த தேதி, முகவரி, கைப்பேசி எண், கையெழுத்து ஆகிய எல்லாம் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் கிடப்பது ஆபத்து. நான் சொன்ன பிறகு சனிக்கிழமை மாலையில் அழித்துவிடுவதாகச் சொன்னார்கள். அதன் பின் போனபோது முகப்பு ஓரளவு காலியாக இருந்தது, முழுவதும் இல்லை. பென்டிரைவில் கொண்டுபோய், அங்கிருந்தே அச்செடுத்து, நம் கண்முன்னே மூடச் சொல்வது பாதுகாப்பானது. ஆதார் நகல் கேட்கும் இடங்களில், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரெஸ்யூமே எழுதப் போகிறவர்கள் செவ்வாய் முதல் வியாழன் வரை மூன்று மணிக்குப் பிறகு போனால் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். நீங்கள் செய்த வேலைகளையெல்லாம், சிறியது பெரியது பார்க்காமல், ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஏப்ரல் மாதத்தில் எல்லாக் கல்லூரிகளின் ப்ராஜெக்டும் ஒரே நேரத்தில் வருவதால், காலிகோ பைண்டிங்குக்குச் சமர்ப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி ஐந்து வேலை நாட்களை ஒதுக்கிவிட்டு, அதற்குள் வரும் திங்கட்கிழமையை எண்ணாமல் விட்டுவிடுங்கள்.